ஏழு நெற்றிகள்

டீன் அறையிலிருந்து வெளியே வந்த கல்பனா மாடிப்படியில் இறங்கும்போதே போன் அடித்தது. துர்காதேவி.

"மேடம், பொன்னேரில ட்ரெயின் ஏறிட்டோம். கூட அம்மாவும் வராங்க. என்ன எப்பிடி வரைஞ்சிக்கிறன்னு பாத்தே ஆவணும்னு ஒரே புடிவாதம்."

"கூட்டினு வாங்க. கவரைப்பேட்ட ஸ்டேஷன்ல நம்ம வேன் நிக்கும்."

போனைப் பையில் போட்ட கல்பனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கலைக்கூடத்துச் சாவி கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு வகுப்பு நடக்கப்போவது இன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தப் பல்கலைக்கழகம் முன்பு வெறும் இன்ஜினியரிங் காலேஜாக இருந்தது. அதைக் கட்டியவருக்குப் படம் என்றால் பைத்தியம். ஊர் ஊராகப் போய் வாங்கி வந்து, நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம் கட்டி மாட்டினார். அவர் போனதும் பிள்ளைகளுக்கு அந்தப் பைத்தியம் ஒட்டவில்லை. ஓவியம் படித்த கல்பனாவை ஒப்பந்தத்தில் வைத்துச் சாவியைக் கொடுத்ததோடு சரி. மணவாள நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், திறப்பாள், தூசி தட்டுவாள், மூடுவாள். மழைக்கு ஒதுங்குகிற ஜோடிகளும், போன் சார்ஜ் போட வரும் செக்யூரிட்டியும்தான் வருகிற கூட்டம்.

டீன் சந்திரமோகனுக்கு அந்தக் கூடத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஏசி ஹால் வேண்டும். "படத்த மடிச்சி குடோன்ல வெச்சா கெட்டா போயிடும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கல்பனாதான் மல்லுக்கு நின்றாள்.

"சார், கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரங்க நம்ம பசங்கள எந்த வேலைக்கு எடுக்கறாங்க? பாதி பேர இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான? ஒரு பொருள பாத்து, இதுல இன்னா குறைன்னு சொல்லணும். அந்தப் பாக்கறத எந்தப் பாடத்துல கத்துத் தரோம்? நான் கத்துத் தரேன். இந்தப் படங்கள வெச்சே கத்துத் தரேன்."

டீன் சிரித்தார். கடைசியில், "ஒரே ஒரு கிளாஸ். நானும் வந்து உக்காருவேன். புடிச்சிருந்தா மெக்கானிக்கலுக்கு வாரா வாரம் ஒரு பீரியட். இல்லன்னா பூஜ லீவு முடிஞ்சதும் சாவி என்கிட்ட," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கால அட்டவணை போடுகிற கம்ப்யூட்டருக்கு வகுப்பறை, ஆய்வகம் இரண்டைத் தவிர வேறு தெரியாது. டீன் யோசிக்காமல் 'ஆய்வகம் 14' என்று போட்டுவிட்டார். கல்பனாவுக்கு அதிலேயே உச்சி குளிர்ந்துவிட்டது. அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவளே கதவில் ஒட்டினாள்.

கீழே வந்தபோது வளாகம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. மறுநாள் ஆயுதபூஜை லீவு என்பதால் இன்றைக்கே ஆய்வகம் ஆய்வகமாகப் பூஜை. லேத்துக்கு மாலை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, வாசலுக்கு வாசல் குங்குமம் கலந்து உடைத்த பூசணிக்காய். கலைக்கூடத்து வாசலிலும் ஒன்று உடைந்து கிடந்தது. 'பரவாயில்லையே, நம்மளையும் சேத்துக்கினாங்களே' என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

போனவள் அப்படியே நின்றாள்.

வடக்குச் சுவரில் துர்காதேவி வரைந்த துணி தொங்கியது. பழைய படகுப் பாய்த்துணி. அதில் வெறும் கரியால் வரைந்த ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நேராகப் பார்க்கிறார்கள். பின்னால் கரையேற்றிய படகுகள். கண்ணாடிச் சட்டம் போடலாம் என்று கல்பனா சொன்னபோது, "வேணாம், மூச்சு முட்டும்," என்று மறுத்துவிட்டவள் துர்காதேவி. அந்த ஏழு பேர் நெற்றியிலும் இப்போது சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

மெக்கானிக்கல் பட்டறையின் லேப் அசிஸ்டென்ட் தணிகைவேல் சூடத்தட்டோடு நின்றார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையச் சிரிப்பு.

"இன்னா மேடம், லேபுன்னு போர்டு ஒட்டிக்கினு எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா? வழில போறப்ப நானேதான் பாத்தேன். இத்தினி வருசமா உங்கள உட்டுட்டோமேன்னு பேஜாராப் போச்சி."

"அண்ணே..." கல்பனா துணியைக் காட்டினாள். "இதுக்கு யாரு வெச்சது?"

"நான்தான். மத்த படத்துக்கெல்லாம் ஃப்ரேமு ஓரமா ஒரு பொட்டு வெச்சேன். இதுக்கு ஃப்ரேமே இல்ல. பொம்பளைங்க நெத்தி வேற காலியா இருந்திச்சா, மனசு கேக்கல. வரைஞ்சவங்க மறந்துட்டாங்க போலன்னு..."

கல்பனா படத்தின் பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளைத் தூக்கிக் காட்டினாள். வகுப்பில் முதலில் படத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பெயரைப் படிக்க வேண்டும் என்று பெயர் அட்டையைக் காலையில் அவள்தான் மூடிவைத்தாள். தணிகைவேல் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"போனவர்கள் திரும்பவில்லை. பழவேற்காட்டுப் பெண்கள் ஏழு பேர்."

தணிகைவேல் நிமிர்ந்தார். "ஐயையோ. தாலியறுத்தவங்களா? ஏழு பேருமா?"

"ஏழு பேரும். நாலாவதா இருக்காங்களே, அவங்க வரைஞ்சவங்களோட அம்மா. இப்ப ட்ரெயின்ல வந்துக்கினு இருக்காங்க."

தணிகைவேல் தோள் துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார். "தொடாதீங்க!" என்று கல்பனா கத்திய கத்தலில் சூடமே அணைந்தது. மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துவந்து, முதல் பெண்ணின் சந்தன ஓரத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். சந்தனம் பன்னீரில் குழைத்தது, துணிக்குள் ஊறிவிட்டிருந்தது. அது அசையவில்லை. புருவத்துக் கரிதான் தூளாக உதிர்ந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"மேடம், மெயின புடுங்கிடட்டா? கரண்ட் இல்லன்னு கிளாஸ தள்ளிடலாம்."

"பட்டப்பகல்ல கரண்ட் இன்னாத்துக்குண்ணே?"

"அப்ப பெட்ஷீட் போட்டு மூடிடலாம். வேற படத்த வெச்சி பாடம் நடத்துங்க. அதோ அந்தக் குதிர படம் நல்லாத்தான கீது."

அவளுக்கும் அந்த யோசனை ஓடாமல் இல்லை. ஆனால் யாரைப் பார்க்க அந்த அம்மா வருகிறார்? குதிரையையா? அதற்குள் படியில் செருப்புச் சத்தம். இரண்டாம் வருஷ மெக்கானிக்கல் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பின்னால் டீன்.

"ஆகா, சந்தன வாசன தூக்குதே! ஆரம்பிக்கலாமா?"

"சார், ஒரு நிமிஷம். தனியா ஒண்ணு பேசணும்."

"கிளாஸ் முடியட்டும் கல்பனா. எனக்கு ஆபீஸ்ல பூஜ இருக்கு." நாற்காலியை இழுத்துக் கடைசியில் போட்டு உட்கார்ந்தார்.

எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம். வாய் திறக்கத்தான் செய்தாள். வந்ததோ, மனப்பாடம் செய்து வைத்திருந்த வேறு வார்த்தைகள்.

"மொதல்ல பேசாம பாருங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பறம் கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க. எது சொன்னாலும் நான் ஒண்ணு கேப்பேன். எத வெச்சி சொல்றன்னு."

பிள்ளைகள் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தணிகைவேல் தலையில் கைவைத்தபடி நின்றார். கல்பனா துணியின் பக்கமே திரும்பவில்லை, வாசலைத்தான் பார்த்தாள். ரயில் இந்நேரம் கவரைப்பேட்டைக்கு வந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து இங்கே எவ்வளவு தூரம்? வேன்காரன் வேறு வேகமாக ஓட்டுகிறவன்.

"ம், சொல்லுங்க."

"ரேஷன் கட கியூ மாரி கீது மேடம்," என்றான் எளாவூர் பார்த்திபன். சிரிப்பு எழுந்தது.

"எத வெச்சி சொல்ற?"

"வரிசையா உக்காந்துக்கினு, எப்ப கெடைக்கும்னே தெரியாதமாரி மூஞ்சி."

டீன்கூடச் சிரித்தார். ஒருத்தன் படகு என்றான். ஒருத்தி, கையில் வளையல் இல்லை என்றாள். பிறகு பாக்கியராஜ் எழுந்தான். மாணவர்களில் நன்றாகப் படிக்கிறவன்.

"வூட்டுக்காரங்க கடலுக்குப் போயிருக்காங்க மேடம். இவங்க கரையில வெயிட் பண்றாங்க. இன்னும் வரல, ஆனா வந்துருவாங்க."

"எத வெச்சி சொல்ற?" கேள்வி பழக்கத்தில் வந்துவிட்டது. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொட்ட வெச்சி மேடம். ஏழு பேருக்கும் பொட்டு கீது. அப்ப ஏழு பேரோட வூட்டுக்காரரும் உயிரோட கீறாங்க."

"வெரி குட்!" டீன் தொடையில் தட்டினார். "இத... இதத்தான் கம்பெனில எதிர்பாக்கறான். ஆதாரம்! ஆதாரத்த வெச்சி முடிவு!" கல்பனாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள். கூடம் அவளுக்குத்தான் என்று அதற்குப் பொருள். இப்போது சும்மா இருந்தால் போதும்.

சும்மாதான் இருந்தாள்.

பிரின்சி என்ற பெண் கை தூக்கினாள். "மேடம், ஒரு டவுட்டு. படம் முழுக்கக் கரி. பொட்டு மட்டும் ஏன் கலரு?"

"ஆர்ட்டிஸ்ட்டு விருப்பம்," என்றான் பாக்கியராஜ்.

"இருடா. ஏழும் ஒரே சைஸு. ஏழும் கீழாக்க லேசா இழுத்தாமாரி கீது. ஒரே கட்டவெரலு. மூஞ்சி வரைஞ்ச கைக்கு அவசரமே இல்ல, பொறுமையா வரைஞ்சிருக்கு. பொட்டு வெச்ச கை அவசரக்காரக் கை. அப்பறம்..." பிரின்சி ஓரடி முன்னால் போய் மூக்கைச் சுருக்கினாள். "இது இன்னும் காயல மேடம். வாசன இதுலேந்துதான் வருது."

டீன் எழுந்து வந்து துணியை உற்றுப் பார்த்தார்.

"ஆர்ட்டிஸ்ட்டே கடைசியா வந்து வெச்சிருப்பாங்க. அப்பிடித்தான கல்பனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. டீனே எடுத்துக் கொடுத்த வார்த்தை. கல்பனா நிமிர்ந்தாள். வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். உடைந்த பூசணிக்காயைப் பார்த்து, கோயில் மாதிரி நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். நரைத்த தலை, வெறும் நெற்றி. துணியிலிருந்த நாலாவது முகம். பின்னால் துர்காதேவி, இரண்டு கண்ணும் சுவரில்.

"இல்ல சார்," என்றாள் கல்பனா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "இல்ல சார். இது வரைஞ்சவங்க வெச்சதில்ல. கொஞ்ச நேரம் முன்னாடி பூஜையில வெச்சது. லேபுன்னு போர்டு ஒட்டுனது நான். இது யாரு படம்னு தெரியாம அட்டைய மூடி வெச்சதும் நான்தான்." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பாக்கியராஜ் சொன்னது தப்பு. அவன் பாத்தது தப்பில்ல, அவனுக்குக் கெடைச்ச ஆதாரம் தப்பு. இவங்க ஏழு பேரோட வூட்டுக்காரங்களும் கடல்லேந்து திரும்பவே இல்ல."

டீனின் முகம் சுருங்கியது. பாக்கியராஜ் உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் பாதியில் நின்றான்.

துர்காதேவி உள்ளே வந்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நம்பித்தான குடுத்தேன் மேடம்? ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் போயி, உக்காந்து, கெஞ்சி, உங்கள வரையட்டுமான்னு கேட்டேன். ஒருத்தங்க ஒத்துக்க ஒரு மழைக்காலம் ஆச்சி. அவங்க மூஞ்சிலபோயி..." சுவரைக் கைகாட்டினாள். "கழட்டுங்க. இப்பவே. வேன்ல ஏத்துங்க."

தணிகைவேல் ஜன்னலிலிருந்து ஓடி வந்து குறுக்கே நின்றார். "யம்மா, மேடம் மேல தப்பில்ல. நான்தான் வெச்சேன். நல்லதுன்னு நெனைச்சிதாம்மா..."

"யாரக் கேட்டு வெச்ச?"

"சாமி கும்புட்டு வெச்சேம்மா."

"சாமியையா வரைஞ்சி வெச்சிருக்கேன்? மனுசங்கய்யா!"

"துர்கா, சும்மாரு." அந்த அம்மா, கனகாம்பாள், செருப்பை வாசலோரம் வைத்துவிட்டு நடந்து வந்தார். "கழட்டு கழட்டுன்ற. நான் இன்னும் பாக்கவே இல்ல."

பிள்ளைகள் வழிவிட்டார்கள். கனகாம்பாள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். "இது செல்லம்மா. இவ நாகு. செத்துப்போனாமாரி உக்காந்துக்கிறா பாரு, நெசத்துல வாய் மூடவே மாட்டா." திரும்பி வந்து தன் முகத்தின் முன்னால் நின்றார்.

"மூக்கு இம்மாம் பெருசாவா கீது எனக்கு?"

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"நீதானா நைனா வெச்சது?" என்று தணிகைவேலிடம் கேட்டார்.

"ஆமாம்மா. தெரியாம வெச்சிட்டேன்."

"கருமாதி அன்னிக்கி ஊட்டு வாசல்ல உக்கார வெச்சி அழிச்சாங்க. வளையல ஒடைச்சாங்க. வேணுமா வேணாமான்னு என்ன ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கி நீ வெச்சிக்கிற. நீயும் கேக்கல."

மீன் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். தணிகைவேலுக்குத் தலை நிமிரவில்லை.

"தண்ணி குடு பாப்பா," என்று பிரின்சியிடம் கை நீட்டினார்.

"யம்மா!" துர்காதேவி முன்னால் வந்தாள். "ஈரம் பட்டா கரி கலைஞ்சிடும். மூஞ்சியே போயிடும்."

"யாரு மூஞ்சி?"

துர்காதேவி ஓரடி விலகிக்கொண்டாள்.

பிரின்சி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கல்பனாவைப் பார்த்தாள். படத்தின் மேல் ஈரக்கை படக் கூடாது, வியர்வைக்கைகூடப் படக் கூடாது. கல்பனா படித்த படிப்பில் முதல் பாடமே அதுதான். அவள் துர்காதேவியைப் பார்த்தாள். துர்காதேவி தன் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் இன்னொரு சொல் சொல்லியிருந்தால் கல்பனா தடுத்திருப்பாள்.

"குடும்மா," என்றாள் கல்பனா.

கனகாம்பாள் முந்தானை நுனியை நனைத்துப் பிழிந்தார். இடது கையால் துணியைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளைக்குத் துடைப்பதுபோல நெற்றியைத் துடைத்தார். குங்குமம் வந்தது. சந்தனமும் வந்தது, கொஞ்சம் மஞ்சள் கறையை விட்டுவிட்டு. கூடவே கரியும் கரைந்தது. நெற்றிச் சுருக்கம் போனது, ஒரு புருவம் போனது, கறுப்பு நீர் ஒரு கோடாகக் கண்வரை இறங்கி நின்றது. ஆறு முகம் தெளிவாக இருக்க, நாலாவது மட்டும் புகைக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல ஆனது. துர்காதேவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கனகாம்பாள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்.

"ஆங். இந்த வாட்டி நானே அழிச்சேன்."

மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. பிரின்சிதான் கேட்டாள், "மத்தவங்களுக்கு இன்னாம்மா பண்றது?"

"அத அவங்களக் கேளு. எனக்கு இன்னா தெரியும்? நாகு தொடச்சிருவா. செல்லம்மா இருக்கட்டும்டின்னு சொன்னாலும் சொல்லுவா. அவ ஒருமாரி."

துர்காதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழற்றுங்கள் என்று சொன்ன வாய் இப்போது டீனிடம் திரும்பியது. "சார், துணி இங்கயே இருக்கட்டும். நான் போயி ஆறு பேருகிட்டயும் சொல்றேன். ஒவ்வொருத்தரா வந்து அவங்களே பாக்கட்டும். அழிக்கறதோ வெச்சிக்கறதோ அவங்க இஷ்டம். அதுவரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது. ரூம மூடவும் கூடாது."

"எப்ப வருவாங்க எல்லாரும்?"

"எறா சீசனு சார். அவங்களுக்கு எப்ப ஒழியுதோ அப்ப."

"லீவு முடிஞ்சதும் டிரெயினிங் ஆளுங்க வராங்களே..." டீன் இழுத்தார். பிறகு கல்பனாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இத நான் மேல எழுதியாகணும், தெரியுமில்ல? தணிகைவேல் பேரும் வரும்."

"எழுதுங்க சார். போர்டு ஒட்டுனவ பேரையும் சேத்து எழுதுங்க."

டீன் பிள்ளைகளைப் பார்த்தார். மணி அடித்தும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கல் வகுப்பை அவர் இதற்குமுன் பார்த்திருப்பாரா, தெரியாது. "ஆறு பேரும் வந்து முடியற வரைக்கும் இந்தப் பீரியட் இருக்கட்டும்," என்றார். "அப்பறம் பாத்துக்கலாம்." சாவி கேட்கவில்லை. பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்விட்டார்.

லீவு முடிந்த வாரத்தில் செல்லம்மா வந்தார். மீன்கூடையோடு உள்ளே விடமாட்டேன் என்ற செக்யூரிட்டியோடு கேட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தார். கூட்டிவந்த தணிகைவேல் வாசலோடு நின்றுகொண்டார்.

"இன்னா இத்தினி பேரு குந்திக்கினு கீறீங்க? எதுனா கல்யாணமா?"

"கிளாஸும்மா," என்றாள் கல்பனா.

"அப்ப பேசாம இருங்க." செல்லம்மா நாற்காலியைத் தானே இழுத்து, தன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டூலின் மேல் கல்பனா தண்ணீர் வைத்திருந்தாள். அதை ஒரு தடவை பார்த்தார். தொடவில்லை. வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டார். மறுபடியும் துணியைப் பார்த்தார்.

பிள்ளைகள் அவரையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழிக்கிறீர்களா, இருக்கட்டுமா என்று கல்பனா கேட்கவில்லை. செல்லம்மாவுக்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.